ஒற்றை வாசல்

அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த வில்லை பொய் சொல்லாது என்று ரெனிட்டா நம்பினாள். அம்மா பொய் சொல்வாள் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பாள். காய்ச்சலோடு நின்று தோசை சுட்டுக்கொண்டே ஒன்றுமில்லை என்பாள். அதுவும் வாயால் அல்ல, கையால். அம்மா அமலோற்பவத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கையால் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் அமலோற்பவத்தைப் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்தத் தவக்காலத்து மத்தியானம், பாளையங்கோட்டையில் ஆபீசில் இருந்த ரெனிட்டாவின் போனுக்கு வில்லையிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது, யாரை நம்புவது என்று அவள் யோசிக்கவே இல்லை. "பெலவேந்திரன். இரத்தத்தில் அமினோ அமிலம் அளவுக்கு மேல் உள்ளது. மருந்து நிறுத்தப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டைச் சரிபார்க்கவும்." அந்த வாரத்தில் இது முதல் தடவையும் இல்லை.

"அம்மாதான்! வேற யாரு?" என்று வாய்விட்டே சொன்னாள். "மனசு கேக்காம மீனக் குடுத்திருப்பா."

அப்பா பெலவேந்திரன் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை. மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது, அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஏற்று, இறக்கு, நிறுத்து எல்லாம் கைதான். காது கேட்காத பெண்ணையா கட்டப்போகிறாய் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தபோது, "எங்க துறைமுகத்துல எல்லாவனும் காது கேக்காதவன்தான். எனக்கென்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு அமலோற்பவத்துக்குத் தாலி கட்டியவர். பிற்பாடு ஆளில்லாத கிரேன்கள் வந்தன. கை காட்ட வேண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் பள்ளிக்கூடம் போனதில்லை. காது கேட்காதவர்களுக்குப் பள்ளியில் சொல்லித்தருகிற சைகை மொழி அவளுக்குத் தெரியாது. துறைமுகத்துக் கைஜாடை கொஞ்சம், அவளுடைய சொந்த ஜாடை கொஞ்சம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். அதில் பாதி தொடுகிற பாஷை. எதிராளியின் மணிக்கட்டை விரலால் மூன்று தரம் தட்டினால் கடல். முழங்கை மேல் இரண்டு விரல் நடந்தால் யாரோ வருகிறார்கள். உலகத்திலேயே அதைப் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ரெனிட்டாவுக்கு அடுப்படி அளவுக்குத்தான் தெரியும்: சாப்பிடு, வா, போ, காய்ச்சல், கோபம், காசு, பொய், இந்த மாதிரி.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அவர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் தட்டித் தட்டிச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா சொல்லுதா அம்மா?" என்று போய் நிற்பாள். அவர் கையை உதறிக் காட்டி, "ஏளா, ஒண்ணுமில்ல. சும்மா பேசுதோம்," என்பார். கையை அப்படி உதறினால் அந்தப் பாஷையில் 'சும்மா' என்று அர்த்தம். என்னை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்கு அழுகையாக வரும்.

அப்புறம் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முதலில் போனது குரல். என்ன சொன்னாலும் காற்றுதான் வந்தது. அந்த வீட்டில் அதை யாரும் பெரிய நஷ்டமாக நினைக்கவில்லை. அப்புறம் கை விறைத்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பேச்சு நின்றது. மருந்து வேலை செய்கிற நேரம் கை வரும், வேலை செய்யாத நேரம் மரக்கட்டையாக உட்கார்ந்திருப்பார். அமலோற்பவம் எதிரே ஸ்டூலைப் போட்டு, கட்டை இளகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பேசுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்து, அந்த ஆளின் வாயையும் யாரோ பொத்திவிட்டால் எப்படி இருக்கும்? அதைவிடக் கொடுமை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் இசக்கியப்பன் வந்தது அப்போதுதான். புதிய வைத்தியம் ஒன்றை ஆராய்ச்சியாகச் செய்துகொண்டிருந்தார். மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்து விளக்கினார்.

"மூளைக்குள்ள போக ஒத்த வாசல்தான்னு வெச்சுக்கிடுங்க. டவுன் பஸ் மாதிரி. இந்த மருந்து அந்த வாசல்லதான் ஏறணும். நாம திங்கிற மீன், முட்டை, பருப்பு, பாலு, எல்லாத்துலயும் புரதம் இருக்கு. அது வயித்துல உடைஞ்சு அமினோ அமிலமா ரத்தத்துக்கு வரும். அதுவும் அதே வாசல்லதான் ஏறணும். அது கும்பலா வந்து முண்டியடிச்சா, மருந்து பாவம், கீழயே நின்னுக்கிட்டிருக்கும்."

ரெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ மாத்திரை போட்டப்புறமும் மத்தியானம் பூரா அப்பா விறைச்சுக் கெடந்தது..."

"மத்தியானம் என்ன சாப்பாடு?"

"சாளைமீன் கொழம்பு. வாயில்லாத மனுசனுக்கு வாய்க்கு ருசியாவாச்சும் இருக்கட்டும்னு அம்மா தெனமும் வைப்பாங்க."

"அதான்," என்றார் டாக்டர்.

அப்பா நடுங்குகிற கையால் அதை அம்மாவுக்குச் சொன்னார். அமலோற்பவம் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்த்துப் பார்த்து வைத்த குழம்பே புருஷனின் வாயைக் கட்டியிருக்கிறது என்றால் எந்தப் பெண்தான் தாங்குவாள்?

டாக்டர் ஒரு வில்லையைக் காட்டினார். பத்து ரூபாய் நாணயம் அளவு. தோளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் அமினோ அமிலம் எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வாசலில் கூட்டம் இல்லையென்றால், தோலுக்கு அடியில் வைத்த பம்புக்குச் சொல்லும், பம்பு மருந்தை விடும், வில்லையில் பச்சை எரியும். கூட்டம் இருந்தால் மருந்து கிடையாது, சிவப்பு.

"பகல்ல புரதம் வேண்டாம். சோறு, காய், பழம் சாப்பிடட்டும். பொழுது சாஞ்சப்புறம் கண்டிப்பா முட்டையோ மீனோ வேணும், மறந்துராதீங்க. ஒடம்பு அதுலதான் நிக்குது," என்றார். "இன்னொண்ணும் சொல்லிருதேன். நோயாளி தானா கட்டுப்பாட்ட மீறுனா, ஆராய்ச்சியில வெச்சிருக்க முடியாது, வில்லைய எடுத்திருவோம். வீட்டு ஆளு தப்பு பண்ணா, பாத்துக்கிடுத ஆள மாத்துவோம்."

அப்பா அதையும் அம்மாவுக்குச் சொன்னார். வில்லையைப் பிடுங்கி எறிவதுபோல் காட்டினார். அம்மா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல காலம்தான். அமலோற்பவத்துக்கு மணியடித்தால் கேட்காது, பச்சை எரிந்தால் தெரியும். அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஸ்டூலுக்கு ஓடிவருவாள். தட்டலும் தடவலும் உதறலும் சிரிப்புமாக இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ரெனிட்டா சனிக்கிழமை வந்தால் காபி போட்டுத் தரக்கூட ஆள் இருக்காது. அவளுக்கு அதில் கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமைதான்.

தவக்காலம் வந்தது. ஒருசந்தி இருக்கப்போவதாக அப்பா ஜாடை காட்டினார். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதற்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் வீடுகளில் ஒருசந்தி என்று பெயர். வருஷா வருஷம் இருப்பவர்தான். நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று கோயிலில் சாமியாரே சொல்லிவிட்டார். ரெனிட்டாவும் பிடித்துக்கொண்டாள்.

"பகல்ல என்னமும் பண்ணுங்க. ராத்திரி முட்டை உள்ள போயிரணும். சத்தியம் பண்ணுங்க."

அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. நோய் அந்த முகத்தில் சிரிப்பை முழுசாக வரவிடாது.

தவக்காலத்தில் ஒரு மனுஷன் தட்டைத் தள்ளிவைத்தால் நம் வீடுகளில் யாரும் திடுக்கிடுவதில்லை. பக்தி என்று சந்தோஷப்படுவோம். முதல் சில வாரம் பச்சை நீண்டுகொண்டே போனது. காலையில் எரிந்தால் சாயங்காலம்வரை எரிந்தது. "ஆண்டவரும் டாக்டரும் ஒரே கட்சியா சேந்துட்டாங்க," என்று ரெனிட்டா புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம்தான் திடீரென்று சிவப்பு எரிய ஆரம்பித்தது. மீன் வாங்காத வீட்டில், முட்டை உரிக்காத பகலில், நட்டநடு மத்தியானம்.

*

செய்தி வந்த அன்றைக்கே ரெனிட்டா தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். டிரைவர் இல்லாத பஸ். திட்டுவதற்கும் ஆள் இல்லை.

வீட்டில் அப்பா நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வில்லையில் சிவப்பு. அம்மா எதிரே ஸ்டூலில். ரெனிட்டா நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பானையாகத் திறந்து மோந்து பார்த்தாள். பிரிட்ஜைக் குடைந்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒளித்துவைக்கத் தெரிந்தவள்தானே அம்மா?

"எங்க வெச்சிருக்கே?" என்று கையாலும் வாயாலும் கேட்டாள். "மீன் குடுத்தியா?"

இல்லை என்று அமலோற்பவம் தலையாட்டினாள். அப்பாவைக் காட்டி, 'சாப்பிடு', 'இல்லை' என்றாள். ரெனிட்டாவின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். அங்கே மதிலோரம் ஒரு பூனை, தொப்பை தரையில் இழுபட, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பூனையைக் காட்டி, 'சாப்பிடு' என்றாள். உள்ளே கையைக் காட்டி, மறுபடியும் 'சாப்பிடு', 'இல்லை'.

"அவரு முட்டைய எல்லாம் பூனைக்கா போடுதாரு?" ரெனிட்டாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "சாப்பிடாம எப்பிடிம்மா ரத்தத்துல ஏறும்? காத்துலேருந்தா வரும்? என்னைய என்ன கிறுக்கின்னு நெனச்சியா?"

இதெல்லாம் அமலோற்பவத்துக்குக் கேட்கவா போகிறது? மகளின் முகம்தான் தெரிந்தது. ரெனிட்டா கையை வாய்க்கு முன்னால் திருகிக் காட்டினாள். அந்த வீட்டு அடுப்படிப் பாஷையில் அதற்குப் பொய் என்று அர்த்தம்.

உள்ளே வந்து, நிதானமாக, பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்பாவைக் காட்டி, அப்பாவே கட்டுப்பாட்டை மீறினார் என்றால், என்று ஆரம்பித்து, அவர் தோளில் இருந்த வில்லையைக் காட்டி, பிடுங்கி எறிகிற ஜாடை காட்டினாள். "அதானே வேணும் உனக்கு? இதப் பிடுங்கிட்டா அப்புறம் காலம் பூரா கட்டையாத்தான் இருப்பாரு."

அமலோற்பவம் அந்தப் பிடுங்குகிற ஜாடையையே பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கண் மட்டும் அசைந்தது. மகளைப் பார்த்தது, பெண்டாட்டியைப் பார்த்தது, மறுபடியும் மகளைப் பார்த்தது. நாக்கும் இல்லாமல் கையும் இல்லாமல் ஒரு மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

அம்மா உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். நான்தான். கொடுத்தேன். மீன்.

"அப்பாடா," என்று ரெனிட்டா உட்கார்ந்தாள். கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. வில்லை சரியாகத்தான் வேலை செய்கிறது. அப்பா ஆராய்ச்சியில் நீடிக்கலாம். பார்த்துக்கொள்கிற ஆளை மாற்றினால் போதும்.

மறுநாள் கார் வந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அமலோற்பவம் அவருடைய சட்டைகளை மடித்துவைத்த பையைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் மணிக்கட்டில் மூன்று தரம் தட்டினாள். ரெனிட்டா அதைப் பார்த்தாள். பார்த்தும், நேரமாகிறது என்று கதவை மூடினாள்.

*

பாளையங்கோட்டையில் நான்காவது மாடியில் வீடு. பகலில் பார்த்துக்கொள்ள பாக்கியம் என்ற பெண் வந்தாள். பகல் சாப்பாடு ரெனிட்டா சமைத்து வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் இரண்டு முட்டையை மசித்து பாக்கியம் ஊட்டிவிட்டுப் போவாள்.

முதல் நாள் பச்சை எரிந்ததும் அப்பா, 'வீடு', 'போ' என்று ஜாடை காட்டினார். ரெனிட்டா அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் வில்லை பச்சையா இருக்கட்டும். நானே ஒங்கள அம்மாகிட்ட கூட்டிட்டுப் போயி விடுதேன். சரியா?"

அவர் சரி என்றார். எப்படிச் சரி என்றார், எதைக் கணக்குப்போட்டுச் சரி என்றார் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

வீடியோ காலில் பேசவைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் போட்டுக் கொடுத்தாள். பாதிப் பேச்சு தொட்டுப் பேசுகிற பேச்சு என்றேனே, கண்ணாடியைத் தொட்டால் யாருக்கு உறைக்கும்? போதாததற்கு ரெனிட்டா ஆபீசிலிருந்து வந்து போனைப் பிடிக்கிற நேரத்தில் பச்சை அணைந்திருக்கும். திரையில் கட்டையாகத் தெரிந்த முகத்தை அமலோற்பவம் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டாள். ரெனிட்டா அதைக் குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

பச்சை எரிகிற நேரங்களில் அப்பாவுக்குப் புதிதாக ஒன்று வந்தது. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, கை இரண்டும் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தன. சின்னச் சின்ன அசைவு. விரல் மடங்கும், விரியும், காற்றில் எதையோ உதறும், நாற்காலியின் கைப்பிடியில் தட்டும், அதன்மேல் நடக்கும். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்த ரெனிட்டாவுக்குப் பயமாகிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டாள்.

"வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா," என்றார். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். "மருந்து கூடிப்போனா சிலருக்கு இப்பிடித் தன்னால கை கால் ஆடும். பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல. பம்போட அளவக் கொஞ்சம் கொறச்சு வைக்கேன்."

குறைத்தார். அசைவும் குறைந்தது. ரெனிட்டா டாக்டருக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் சிவப்பு எரிந்தது. எரிந்தது அணையவே இல்லை.

ரெனிட்டா ஆபீசிலிருந்து ஓடிவந்து பாக்கியத்தைப் பிடித்தாள். "என்ன குடுத்தே? உண்மையச் சொல்லு. பால் குடுத்தியா? கொழம்பு குடுத்தியா?"

"மாதா மேல சத்தியமா இல்லக்கா!" பாக்கியம் அழுதுவிட்டாள். "நான் எங்க குடுக்க? நீங்க சொன்ன முட்டையே உள்ள எறங்கலியே! கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு, அப்புறமா துண்டுல துப்பிருதாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. எங்கப்பா வயசு மனுசன் கும்பிடுதாரு, நான் என்ன செய்ய? சட்டையப் பாருங்க, தொளதொளன்னு தொங்குது. நீங்க வெளக்கப் பாத்தீங்களே, ஆளப் பாத்தீங்களா?"

ரெனிட்டா அப்போதுதான் ஆளைப் பார்த்தாள். தோள்பட்டை எலும்பின்மேல் வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் எலும்புக்கும் நடுவில் தோல்தான் இருந்தது. கொல்லையில் வெயில் காய்ந்த பூனை ஞாபகம் வந்தது.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் இசக்கியப்பன் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுலேருந்து வரலம்மா," என்றார்.

"பின்ன?"

"பட்டினி கெடந்தா ஒடம்பு தன் சதையத்தானே கரைச்சுத் திங்கும்? சதையும் புரதம்தான். அது கரைஞ்சாலும் அதே அமினோ அமிலம்தான், அதே வாசல்தான். மொதல்ல சாப்பாட்டக் கொறச்சதும் வாசல் நல்லாத் தொறந்திருக்கு, நெறைய நேரம் பச்சையா இருந்திருக்கு. மனுசன் ருசி கண்டுட்டாரு. இன்னும் கொறச்சா இன்னும் தொறக்கும்னு நெனச்சிருக்காரு. அதுக்கப்புறம் உள்ளேருந்தே கூட்டம் வர ஆரம்பிச்சிட்டு."

"வில்லை கட்டுப்பாட்டச் சரிபாருன்னுதானே சொல்லிச்சு டாக்டர்? யாரோ குடுக்காங்கன்னு..."

"அதுக்கு எது மீனு, எது மனுசன்னு தெரியாதும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்காச்சும் தெரிஞ்சிருக்கணும்."

வில்லை பொய் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அம்மா சொன்ன ஒரே பொய், ரெனிட்டாவே கையை முறுக்கி வாங்கிய பொய்.

"இப்ப என்ன செய்ய?"

"இப்ப கொழாய் வழியா சத்து ஏத்தியே ஆகணும். ஏத்துனா வாசல் அடைக்கும். ஏத்தலன்னா அவரு சதையே வந்து அடைக்கும். உசுரு பொழைக்கட்டும் மொதல்ல."

"கை திரும்ப வருமா டாக்டர்?"

"பாப்போம்," என்றார். டாக்டர்கள் சொல்கிற பாப்போமுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அமலோற்பவம் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மகளை ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனாள். புருஷனின் கன்னத்தைத் தடவினாள், தோள் எலும்பைத் தடவினாள், வில்லையின் சிவப்பைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ரெனிட்டா அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். 'நீ', 'பொய்', 'ஏன்' என்று மூன்றே மூன்று ஜாடைதான் அவளிடம் இருந்தது.

அமலோற்பவம் முதலில் பூனைக்கான ஜாடையைக் காட்டினாள், அப்புறம் அந்தத் தொப்பையை. அப்புறம் மகளைக் காட்டி, மகளின் கண்ணைக் காட்டி, 'இல்லை' என்றாள். நான் காட்டினேன், நீ பார்க்கவில்லை. அதற்கப்புறம் வில்லையைப் பிடுங்குகிற ஜாடை. அவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ரெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடிகிறவரை அம்மா காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: 'அங்கே', 'எப்படி'? உன் வீட்டில் எப்படி இருந்தார்?

சொல்வதற்கு ரெனிட்டாவிடம் ஜாடை இல்லை. காட்டுவதற்குத்தான் ஒன்று இருந்தது, டாக்டருக்கு எடுத்த வீடியோ. நோயைக் காட்ட எடுத்தது. நன்றாக இருந்த நாளில் எடுத்தது, சிரித்த நாளில் எடுத்தது என்று ஒன்றுகூட அவள் போனில் இல்லை. வெட்கத்தோடு அதையே போட்டு அம்மா கையில் கொடுத்தாள்.

பால்கனி. நாற்காலி. கை அசைகிறது, விரல் மடங்கி விரிகிறது, கைப்பிடியில் தட்டுகிறது.

அமலோற்பவம் சாதாரணமாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு நிமிர்ந்தாள். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவளுடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்கே கேட்காத சத்தம், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ரெனிட்டாவுக்குத் தெரியவில்லை. திரையில் அவர் கைப்பிடியைத் தட்டத் தட்ட, அமலோற்பவம் தன் இன்னொரு கையின் மணிக்கட்டைத் தானே தட்டிக்கொண்டாள். மூன்று தரம். திரையில் விரல் நடந்தபோது, தன் முழங்கை மேல் தானே விரலை நடக்கவிட்டாள்.

ரெனிட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நோய் சுருக்கிவிட்ட கை. பெரிதாகக் காட்ட முடியாத ஜாடையெல்லாம் சின்னதாகிவிட்டது. அம்மாவின் கை இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியின் கைப்பிடி. அவர் பேசிக்கொண்டிருந்தார். பச்சை எரிந்த நேரமெல்லாம், ஆள் இல்லாத பால்கனியில், தூத்துக்குடியில் இருக்கிற பெண்டாட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார். அவள்தான் அதைப் படமெடுத்து, நோய் என்று அனுப்பி, மருந்தைக் குறைக்கச் சொல்லி அந்தப் பேச்சையும் நிறுத்தினாள்.

"என்னம்மா?" அம்மாவின் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொல்லுதாரு? சொல்லும்மா. என்ன சொல்லுதாரு?"

மன்னிப்பு கேட்கிறாரா, வந்து கூட்டிக்கொண்டு போ என்கிறாரா, செத்துப்போவேன் என்கிறாரா? இவ்வளவு பட்டினி கிடந்து வாங்கிய பேச்சில் என்னதான் இருந்தது? அமலோற்பவம் மகளுக்குத் தெரிந்த அடுப்படி ஜாடையிலேயே சொன்னாள். காபி, நல்லா இல்லை. ஜன்னல், கடல், இல்லை. பூனை, சாப்பிட்டதா? பூனை, சாப்பிட்டதா? மறுபடியும் காபி.

"வேற? வேற என்ன?"

அமலோற்பவம் கையை உதறிக் காட்டினாள். ஒன்றுமில்லை. சும்மா.

பிறகு போனை மகள் மடியில் போட்டுவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள். அவருடைய விறைத்த கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலும் முழங்கையிலும் தட்டித் தட்டிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பூனை சாப்பிட்டதைப் பற்றியாகத்தான் இருக்கும். அவர் கை அசையவில்லை. கண் மட்டும் அவள் முகத்தைவிட்டு நகராமல் இருந்தது. வில்லையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் இசக்கியப்பன் வந்தார். குழாயைச் சரிபார்த்தார், திரையில் எதையோ பார்த்தார். போகிறபோது ஞாபகம் வந்தவராக ரெனிட்டா பக்கம் திரும்பினார்.

"தன்னால கை ஆடுதுன்னு சொன்னீங்களேம்மா, அது இப்ப எப்பிடி இருக்கு?"

ரெனிட்டா அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுபோச்சு டாக்டர்," என்றாள்.

நல்லது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அமலோற்பவம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.